உடையார்குடிக் கல்லில் இல்லாத தீர்ப்பு

காஞ்சிபுரம் என்றதும் எல்லோருக்கும் ஞாபகத்துக்கு வருவது இரண்டு விஷயங்கள். ஒன்று கோயில், இன்னொன்று பட்டுப்புடவை. ஆனால் ஆயிரம் வருடங்களுக்கு முன்னால் நடந்த ஓர் அரசியல் கொலையிலும் இந்த ஊருக்குப் பங்கு உண்டு. கொலை நடந்த ஊர் என்ற அர்த்தத்தில் அல்ல. அந்தக் கொலைக் கதையில் வரும் மூன்று முக்கியமான மனிதர்களும் காஞ்சியோடு சம்பந்தப்பட்டவர்கள் என்ற அர்த்தத்தில்.

முதல் ஆள் சுந்தர சோழன். கல்வெட்டுகள் அவனைப் 'பொன்மாளிகைத் துஞ்சின தேவர்' என்று சொல்கின்றன. அவன் இறந்துபோன அந்தப் பொன்மாளிகை காஞ்சியில் இருந்தது என்பது வரலாற்றாசிரியர்கள் கருத்து. இரண்டாவது ஆள் அவனுடைய மூத்த மகன் ஆதித்த கரிகாலன். வீரபாண்டியன் தலைகொண்டவன் என்று பட்டம் பெற்றவன். காஞ்சியில் இருந்துகொண்டு சோழ நாட்டின் வடபகுதியைக் கவனித்தவன் என்று சொல்லப்படுகிறது. மூன்றாவது ஆள் உத்தம சோழன். கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்தவன். ஆதித்தனுக்குச் சிற்றப்பா முறை. அவனும் காஞ்சி அரண்மனையில் உட்கார்ந்து ஆணை பிறப்பித்திருக்கிறான். அதற்குச் செப்பேடே சாட்சி.

இதில் ஆதித்தன் கொல்லப்பட்டான். சுமார் 969 முதல் 971க்குள் என்று காலம் கணிக்கிறார்கள். தகப்பன் சுந்தர சோழனுக்குப் பிறகு உத்தமன் அரசனானான். உத்தமனுக்குப் பிறகு 985இல் ஆதித்தனின் தம்பி அருள்மொழிவர்மன், அதாவது ராஜராஜன், அரியணை ஏறினான்.

இன்றுவரை தமிழர்கள் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி, 'ஆதித்தனைக் கொன்றது யார்?' என்பது. 1950 முதல் 1954 வரை கல்கி பத்திரிகையில் 'பொன்னியின் செல்வன்' வந்த நாளில் இருந்து இந்தக் கேள்வி ஓயவில்லை. 2022லும் 2023லும் படம் இரண்டு பாகமாக வந்த பிறகு டீக்கடை வரைக்கும் போய்விட்டது. ஆளாளுக்கு ஒரு குற்றவாளியைக் கையில் வைத்திருக்கிறார்கள். எல்லோரும் ஆதாரமாகக் காட்டுவது ஒரே ஒரு கல்லைத்தான்.

அந்தக் கல்லில் உண்மையில் என்ன இருக்கிறது என்று யாராவது நிதானமாகப் பார்க்கிறார்களா என்பதுதான் சந்தேகம்.

கல் என்ன சொல்கிறது?

காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் உடையார்குடி. அங்கே அனந்தீஸ்வரர் கோயில். அந்தக் கோயில் சுவரில் இருக்கும் கல்வெட்டு இது. அன்றைக்கு அந்த ஊரின் பெயர் வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம். முதலாம் பராந்தகனின் பட்டப்பெயரால் அமைந்த பிராமணர் ஊர். வீராணம் ஏரிக்கும் அதே பெயர்தான் மூலம்.

ராஜகேசரி என்ற பட்டம் உடைய அரசனின் இரண்டாம் ஆட்சியாண்டில் இது வெட்டப்பட்டது. அரசனின் சொந்தப் பெயர் அதில் இல்லை. சோழர்கள் ராஜகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாற்றி மாற்றி வைத்துக்கொள்வார்கள். உத்தமன் பரகேசரி. அதனால் ஆதித்தன் இறந்த பிறகு வந்த ராஜகேசரி ராஜராஜன்தான் என்று முடிவு செய்கிறார்கள். அப்படியானால் கல்வெட்டின் காலம் சுமார் 987.

கல்வெட்டின் சாரம் இதுதான். பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்று துரோகிகளானவர்கள் என்று சிலரை அரசன் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறான். சோமன் ஒருவன். ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன் ஒருவன். பரமேஸ்வரனான இருமுடிச்சோழ பிரமாதிராஜன் ஒருவன். இவர்கள் உடன்பிறந்தவர்கள். பிரமாதிராஜன் என்பது சும்மா கிடைக்கிற பெயர் அல்ல. அரசாங்கத்தில் உயர்ந்த பதவியில் இருந்த பிராமண அதிகாரிகளுக்கு அரசன் கொடுத்த பட்டம். இன்றைய கணக்கில் சொன்னால் கோட்டையில் பெரிய நாற்காலியில் இருந்தவர்கள்.

அந்த நாற்காலியில் இருந்து அவர்கள் விழுந்த கதைதான் இது. ஆனால் விழுந்த விதத்தைக் கல்வெட்டு சொல்லவே இல்லை. கொலை எங்கே நடந்தது? சொல்லவில்லை. எப்படி நடந்தது? சொல்லவில்லை. ஏன் கொன்றார்கள்? சொல்லவில்லை. யார் விசாரித்தார்கள், சாட்சி யார், குற்றவாளிகள் என்ன பதில் சொன்னார்கள்? ஒரு வரி கூட இல்லை. கடம்பூர் மாளிகை, இருட்டறை, கத்தி எல்லாம் கல்கியின் கற்பனை வளம். அது நாவலுக்கு அழகு. கல்லில் அது கிடையாது.

அப்படியானால் கல்வெட்டு எதற்கு? நிலத்துக்கு! துரோகிகளின் சொத்தையும் அவர்களுடைய சொந்தக்காரர்களின் சொத்தையும் எடுத்துக்கொள்ளும்படி ஊர்ச் சபைக்கு அரசனின் ஓலை வந்தது. எடுத்த நிலத்தில் ஒரு பகுதியையும் ஆறு மனைகளையும் வியாழ கஜமல்லப் பல்லவரையன் என்பவன் 112 பொன் கொடுத்து வாங்கினான். வாங்கியதைப் பிராமணர்களுக்கு உணவிடுவது முதலான தர்மத்துக்கு எழுதி வைத்தான். அந்த தர்மம் செல்லுபடியாக வேண்டும் என்றால் நிலம் எப்படிக் கைக்கு வந்தது என்று காட்ட வேண்டும் அல்லவா? அதற்காகத்தான் கொலை விஷயம் கல்லில் ஏறியது.

சுருக்கமாகச் சொன்னால் இது தீர்ப்பு நகல் அல்ல. கிரயப் பத்திரம். இன்றைக்கு நிலம் வாங்குகிறவர் மூலப்பத்திரம் பார்ப்பதுபோல, அந்த நிலத்தின் முன்கதை அதில் இருக்கிறது. அவ்வளவுதான்.

ரோமில் நடந்த இதே கதை

இந்தக் கதைக்கு அச்சு அசலாக ஒரு ஜோடி ரோமாபுரியில் இருக்கிறது. ஆயிரம் வருடம் முந்தையது. அங்கேயும் பேரரசு புதிதாக எழுந்துகொண்டிருந்த காலம். அங்கேயும் பட்டத்துக்கு வர வேண்டிய ஓர் இளவரசன் அகாலமாகச் செத்தான். பெயர் ஜெர்மானிக்கஸ். பேரரசன் டைபீரியஸின் தம்பி மகன், சுவீகார புத்திரனும் கூட. கி.பி. 19 அக்டோபர் 10ஆம் தேதி சிரியாவின் அந்தியோக்கியா நகரத்தில் இறந்தான். விஷம் வைத்துவிட்டார்கள் என்று பேச்சு.

பழி விழுந்தது சிரியாவின் ஆளுநர் பிசோ மேல். பரம்பரைப் பிரபு. பழைய குடும்பம், பெரும் பணக்காரன், யாருக்கும் தலை வணங்காத ஆள். ஜெர்மானிக்கஸோடு வெளிப்படையாகச் சண்டை போட்டவன். கி.பி. 20இல் ரோம் நகரச் செனட் சபை அவனை விசாரித்தது. தீர்ப்பு வருவதற்கு முன்பே ஒரு நாள் காலையில் அவன் கழுத்து அறுபட்டுக் கிடந்தான். பக்கத்தில் வாள் கிடந்தது.

இறந்த பிறகும் செனட் விடவில்லை. அவனுக்காகக் குடும்பத்துப் பெண்கள் துக்கம் காக்கக் கூடாது என்றது. அவன் சிலைகளை எடுக்கச் சொன்னது. ஜெர்மானிக்கஸ் சிலையின் பீடத்தில் இருந்த அவன் பெயரை அழிக்கச் சொன்னது. அந்தத் தீர்மானத்தை வெண்கலத் தகட்டில் வெட்டிப் பெரிய நகரங்களிலும் படை முகாம்களிலும் வைக்கச் சொன்னது. அந்தத் தகடுகள் தெற்கு ஸ்பெயினில் கிடைத்து, முழு வாசகமும் 1996இல் அச்சாகி வந்தது.

இதில் கவனிக்க வேண்டியது பிள்ளைகள் விஷயம். பிசோவின் சொத்தைப் பறிமுதல் செய்துவிட்டு, பெரும்பகுதியை அவன் பிள்ளைகளுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். மூத்த மகனுக்குத் தகப்பன் பெயரே இருந்ததால் பெயரை மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். குடும்பத்துப் பெண் ஒருத்திக்குச் சீதனப் பணம் ஒதுக்கினார்கள். மனைவி பிளான்சினாவைப் பேரரசனின் தாய் லிவியா கேட்டுக்கொண்டதற்காக விட்டுவிட்டார்கள்.

உடனே ரோம் கருணையானது, சோழ நாடு கொடுமையானது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பதினோரு வருடம் கழித்து கி.பி. 31இல் செஜானஸ் என்ற இன்னொரு பெரிய மனிதன் விழுந்தபோது, ஒன்றும் அறியாத அவன் சின்னக் குழந்தைகளையும் அதே ரோம் கொன்றது. அன்றன்றைக்கு அதிகாரத்துக்கு எது வசதியோ அதுதான் நீதி.

இரண்டு ஊருக்கும் உண்மையான வித்தியாசம் வேறு. பிசோ விஷயத்தில் இரண்டு குரல்கள் மிஞ்சியிருக்கின்றன. ஒன்று வெண்கலத் தகடு. எல்லாம் முறைப்படி நடந்தது, செனட் நியாயமாக நடந்தது, பேரரசன் பெருந்தன்மையானவன் என்று அது சொல்கிறது. இன்னொன்று நூறு வருடம் கழித்து எழுதிய டாசிட்டஸ். அவர் வதந்திகளையும் சேர்த்து எழுதினார். பிசோ கையில் ஏதோ ரகசியக் காகிதம் இருந்ததாம், அவன் தானாகச் சாகவில்லையாம் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டதை எல்லாம் பதிவு செய்தார். விஷம் வைத்த குற்றச்சாட்டு நிரூபணம் ஆகவில்லை என்பதையும் எழுதினார். அதனால் படிக்கிறவனுக்கு அரசாங்கம் சொல்வதைச் சந்தேகப்பட ஓர் இடம் கிடைக்கிறது.

ரவிதாசனுக்கு ஒரு டாசிட்டஸ் கிடைக்கவில்லை. அவன் பக்கத்துக் கதையை எழுத யாரும் இல்லை. இருப்பது ஜெயித்தவர்களின் ஓலை ஒன்றுதான்.

உத்தம சோழன் குற்றவாளியா?

கல் வாயைத் திறக்காத இடத்தில் எல்லாம் மற்றவர்கள் பேச ஆரம்பித்தார்கள். அதில் அதிகமாக அடி வாங்கியவன் உத்தம சோழன்.

கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியார் சாதாரண ஆள் அல்ல. சோழர் வரலாற்றுக்கு அஸ்திவாரம் போட்டவர். உடையார்குடிக் கல்வெட்டை ஆராய்ந்து வெளியிட்டவரும் அவரே. உத்தமனுக்கு இந்தச் சதியில் பங்கு இருந்திருக்க வேண்டும் என்று அவர் கருதினார். காரணம் இரண்டு. ஒன்று, கொலைக்குப் பிறகு உத்தமன் சுமார் பதினைந்து வருடம் ஆண்டும் குற்றவாளிகள் மேல் நடவடிக்கை எடுத்ததாகத் தெரியவில்லை, ராஜராஜன் வந்த பிறகுதான் நடவடிக்கை. இரண்டாவது, திருவாலங்காட்டுச் செப்பேடு. ராஜேந்திர சோழன் காலத்துச் செப்பேடு அது. ஆதித்தன் இறந்த பிறகு மக்கள் அருள்மொழியை அரசனாகச் சொன்னார்கள், தன் சிற்றப்பனுக்கு நாட்டின் மேல் ஆசை இருக்கும்வரை தனக்கு வேண்டாம் என்று அவன் சொல்லிவிட்டான் என்று அதில் வருகிறது.

இது பலமான வாதம்தான். மறுப்பதற்கில்லை. ஆனால் எதிர்ப்பக்கத்திலும் பலம் இருக்கிறது. சதாசிவ பண்டாரத்தார் உத்தமனைக் குற்றவாளி ஆக்குவதை ஏற்கவில்லை. ராஜராஜன் தன் மகனுக்கு வைத்த பெயர் மதுராந்தகன். அதுதான் உத்தம சோழனின் பெயர்! அந்தப் பிள்ளைதான் பிற்பாடு ராஜேந்திரன். உத்தமனின் மகன் கண்டராதித்தன் மதுராந்தகன் ராஜராஜன் ஆட்சியில் கோயில் காரியங்களைப் பார்க்கும் பொறுப்பில் இருந்தான். உத்தமனின் தாய் செம்பியன் மாதேவிக்கு ராஜராஜன் காலத்திலும் பெரும் மரியாதை இருந்தது. அண்ணனைக் கொன்றவன் குடும்பத்தை ஒருவன் இப்படியா நடத்துவான்? துரோகிகளின் மருமகன்மாரைக்கூட விடாத அதே அரசன், துரோகத்தின் மூலகாரணம் உத்தமன் என்று நம்பியிருந்தால், அவன் மகனுக்கு மட்டும் பதவி கொடுத்திருப்பானா?

தாமதம் என்ற வாதத்திலும் ஓட்டை இருக்கிறது. இரண்டாம் ஆண்டுக் கல்வெட்டு ஒரு நிலம் கைமாறியதைப் பதிவு செய்கிறது. குற்றவாளிகள் பிடிபட்டது அந்த வருடம்தான் என்று அது சொல்லவில்லை. பிடித்தது எப்போதோ, தண்டித்தது எப்போதோ, சொந்தக்காரர்களின் சொத்துக் கணக்கு முடிந்து விற்பனைக்கு வந்தது எப்போதோ! இன்றைக்கே ஒரு ஜப்தி வழக்கு எத்தனை வருடம் இழுக்கிறது என்று கோர்ட் வாசலில் நிற்பவர்களைக் கேட்டால் தெரியும்.

இங்கேதான் காஞ்சிபுரம் மறுபடியும் வருகிறது. சென்னை அருங்காட்சியகத்தில் உத்தம சோழனின் செப்பேடு ஒன்று இருக்கிறது. அவனுடைய பதினாறாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. காஞ்சிக்கு அப்போது கச்சிப்பேடு என்றும் பெயர். அங்கே அரண்மனைச் சித்திர மண்டபத்தில் உத்தமன் உட்கார்ந்திருந்தபோது பிறந்த ஆணை அது. விஷயம், ஊரகத்துப் பெருமாள் கோயில். இன்றைய உலகளந்த பெருமாள் கோயில்தான். அந்தக் கோயிலுக்கு வர வேண்டிய வருமானம் என்ன, செலவு என்ன என்பதை எல்லாம் ஒழுங்குபடுத்திவிட்டு, கோயில் காரியத்தைக் கவனிக்கும் பொறுப்பை நகரத்தில் குடியிருந்த பட்டசாலிகள் என்ற நெசவாளர்களின் சேரிகளிடம் ஒப்படைத்தார்கள். சேரி என்றால் அன்றைக்குத் தெரு, குடியிருப்பு என்றுதான் பொருள். வருடா வருடம் கணக்கைப் பார்க்க வேண்டியது மாநகரத்தார்.

அரசன் தறிக்காரர்களை நம்பிக் கோயிலை ஒப்படைத்தான். அதே சமயம் அவர்கள் கணக்கைப் பார்க்க வேறு ஆட்களையும் வைத்தான். ஒழுங்கான நிர்வாகி செய்கிற காரியம் இது. இதனால் உத்தமன் கொலை செய்திருக்க மாட்டான் என்று ஆகிவிடாது. நல்ல நிர்வாகிகளும் கொலை செய்திருக்கிறார்கள், உலக வரலாறு அப்படி. ஆனால் நாவலில் வரும் பலவீனமான, அரியணைக்கு அலைகிற மனிதனை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு தீர்ப்பு எழுதுகிறவர்கள், அந்தச் செப்பேட்டையும் ஒருமுறை பார்க்க வேண்டும். ஒரு மனிதனின் பதினைந்து வருட ஆட்சியை ஒரே ஒரு சந்தேகத்தில் மூழ்கடிப்பது நியாயம் இல்லை.

பாண்டிய நாட்டு ஒற்றர்களா?

இன்னொரு கட்சி, ரவிதாசன் பாண்டியனின் ஆள் என்கிறது. வீரபாண்டியனைக் கொன்றதற்குப் பழி வாங்கினான் என்கிறது. ஆதாரம்? 'பஞ்சவன்' என்ற பெயர். பஞ்சவன் என்றால் பாண்டியன். சரி. ஆனால் கூடப்பிறந்தவன் பெயர் 'இருமுடிச்சோழ' பிரமாதிராஜன் ஆயிற்றே? ஒரே வீட்டில் அண்ணன் பாண்டியன் ஆள், தம்பி சோழன் ஆளா? சோழ அரசர்கள் பாண்டியனை வென்ற பெருமைக்காகப் பாண்டியப் பெயர்களைத் தாங்களே வைத்துக்கொண்ட வழக்கமும் உண்டு. ராஜராஜனின் மனைவி ஒருத்தியின் பெயரே பஞ்சவன்மாதேவி. ஆக, ஒரு பட்டப்பெயரை வைத்து ஒற்றன் என்று சொல்வது ஊகம். ஊகம் தப்பில்லை. ஊகத்தை உண்மை மாதிரி பேசுவதுதான் தப்பு.

ஜாதிச் சண்டைக்கு ஒரு கல்

இப்போது வருவதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம். சமீப காலமாக இந்தக் கல்வெட்டு ஒரு ஜாதியைத் திட்டுவதற்கும், அதே ஜாதியைக் காப்பாற்றுவதற்கும் பயன்படுகிறது. 'பார், பிராமணர்கள் தமிழ் இளவரசனைக் கொன்றார்கள்' என்று ஒரு தரப்பு. 'பிராமணர் என்பதால் ராஜராஜன் உயிரோடு விட்டுவிட்டான்' என்று அதற்கு ஒரு கிளைக்கதை. 'எல்லாம் பொய், அவர்களை மாட்டிவிட்டார்கள்' என்று இன்னொரு தரப்பு.

கல்வெட்டையே பார்த்தால் இந்தச் சண்டை நிற்காது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் பிராமணர்கள். சொத்தை எடுக்கச் சொல்லி ஓலை வந்த சபையும் பிராமணச் சபை. பறிமுதலைப் பார்க்கும்படி அரசன் அனுப்பியவர்களிலும் பட்டர் உண்டு. விற்ற நிலத்தின் தர்மத்தில் சாப்பிட்டவர்களும் பிராமணர்கள். வாங்கியவன் மட்டும் பல்லவரையன். இதில் எந்த ஜாதி யாருக்கு எதிரி? இது ஜாதிக்கும் ஜாதிக்கும் நடந்த சண்டை இல்லை. அதிகாரத்தில் இருந்தவர்களுக்கும் அதிகாரத்தில் இருந்து விழுந்தவர்களுக்கும் நடுவில் நடந்தது. விழுந்தவன் பக்கத்தில் அவன் ஜாதிக்காரனும் நிற்கவில்லை. எந்தக் காலத்திலும் அரசியலில் அதுதான் நடக்கிறது.

உயிரோடு விட்டான் என்பதும் கல்லில் இல்லை. கொன்றான் என்பதும் இல்லை. அந்தச் சகோதரர்களின் உயிருக்கு என்ன ஆயிற்று என்று அந்தக் கல் சொல்லவே இல்லை. சொத்தைப் பற்றி மட்டும்தான் அதற்கு அக்கறை.

யாரும் கவனிக்காத பட்டியல்

இவ்வளவு சண்டையிலும் கல்வெட்டின் மிக முக்கியமான பகுதியை யாரும் பேசுவதில்லை. அது சொந்தக்காரர்கள் பட்டியல்.

யாருடைய சொத்தை எல்லாம் எடுக்க வேண்டும் என்று அரசன் ஒவ்வொரு உறவாகச் சொல்கிறான். துரோகிகளின் பிள்ளைகள். அவர்களின் மனைவிமார். பெரியப்பன்மார். தாயோடு பிறந்த மாமன்மார். பெண் கொடுத்த மாமன்மார். துரோகிகளின் அக்கா தங்கைகளைக் கட்டியவர்கள். துரோகிகளின் மகள்களைக் கட்டியவர்கள். ஒரு கல்யாணப் பத்திரிகையில் பெயர் போடுகிற மாதிரி ஒருத்தர் விடாமல் சொல்லியிருக்கிறது.

இவர்கள் செய்த குற்றம் என்ன? பிறந்தது, பெண் கொடுத்தது, பெண் எடுத்தது. கொலைக்கும் தங்கை புருஷனுக்கும் என்ன சம்பந்தம்? கொலை நடந்து பதினாறு முதல் பதினெட்டு வருடம் ஆகியிருக்கும்போது, அந்த வீட்டுப் பெண்ணைக் கட்டியவன் கொலை நடந்த சமயத்தில் சின்னப் பையனாகக்கூட இருந்திருக்கலாம். அவன் வீடும் போயிற்று.

பல்லவரையன் வாங்கிய நிலம் யாருடையது என்றும் கல்வெட்டு சொல்கிறது. மலையனூர் ரேவதாச கிரமவித்தன், அவன் மகன், அவன் தாய் பெரிய நங்கைச் சாணி. ஒரு வயதான அம்மாளின் பெயர் அது. சதித் திட்டத்தில் அந்தப் பாட்டிக்கு என்ன வேலை இருந்திருக்கும்? ஆனாலும் துரோகிகளின் சொத்து என்ற தலைப்பில் அவள் பெயரும் ஏறிவிட்டது. ஆயிரம் வருடமாக அப்படியே இருக்கிறது.

ராஜராஜன் பெரிய அரசன். தஞ்சைப் பெரிய கோயிலும் நில அளவையும் கடற்படையும் அவன் புகழுக்குச் சாட்சி. அதில் யாருக்கும் இரண்டு கருத்து இல்லை. ஆனால் பெரிய அரசன் செய்தான் என்பதால் எல்லாமே நியாயம் ஆகிவிடுமா? அந்தக் காலத்தில் அதுதான் வழக்கம் என்று சொல்பவர்கள் உண்டு. இருக்கலாம். ரோமிலும் அந்த வழக்கம்தான். பறிமுதல் என்பது பழிவாங்கல் மட்டும் அல்ல, பயமுறுத்தலும் கூட. ஒருவன் துரோகம் நினைத்தால் அவன் அண்ணனும் மாமனும் மருமகனும் சேர்ந்து அவனைத் தடுப்பார்கள் என்ற கணக்கு அது. கணக்கு சரியாகவே இருக்கட்டும். கணக்கு சரி என்பதால் அது நீதி ஆகிவிடாது.

காலம் மாறிவிட்டது, சட்டம் வந்துவிட்டது, இனி அப்படி இல்லை என்று நிம்மதியாக இருக்கவும் முடியவில்லை. ஒருவன் மேல் குற்றச்சாட்டு வந்த மறுநாளே அவன் அப்பா அம்மா இருக்கும் வீட்டைத் தெருவே வேடிக்கை பார்க்கிறது. வட இந்தியாவில் குற்றம் சாட்டப்பட்டவர்களின் வீடுகளை புல்டோசரால் இடித்தார்கள். குற்றச்சாட்டை மட்டும் வைத்து வீட்டை இடிப்பது சட்டவிரோதம், வீடு என்பது அதில் குடியிருக்கும் குடும்பத்துக்கே உரியது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. அதை ஒரு நீதிமன்றம் 2024இல் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது என்பதே, உடையார்குடிப் பட்டியல் இன்னும் முடியவில்லை என்பதற்கு அத்தாட்சி.

கடைசியாக...

ரோமாபுரி பிசோவின் பெயரைச் சிலைப் பீடத்தில் இருந்து அழித்தது. சோழ நாட்டில் நடந்தது அதற்கு நேர் எதிர். துரோகி என்று சொல்லிக்கொண்டே ரவிதாசனின் பெயரைப் பட்டத்தோடு கல்லில் வெட்டி வைத்தார்கள். அந்த நிலம் விற்காமல் போயிருந்தால் ரவிதாசன் என்று ஒருவன் இருந்தது இன்று யாருக்கும் தெரிந்திருக்காது. பெரிய நங்கைச் சாணியையும் தெரிந்திருக்காது.

ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்ற கேள்விக்குப் புதிய கல்வெட்டு ஏதாவது கிடைத்தால் ஒழிய விடை வராது. வராவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. அந்தக் கேள்விக்கு அவசரமாக விடை சொல்லி, உத்தமனையோ ஒரு நாட்டையோ ஒரு ஜாதியையோ கூண்டில் ஏற்றுவதுதான் ஆபத்து. ஒருவன் செய்ததற்கு அவன் உறவையெல்லாம் சேர்த்து தண்டிக்கும் புத்தி அந்தக் கல்லில் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு, ஒருவன் செய்ததற்கு ஒரு ஜாதியையே இன்றைக்குத் திட்டுகிறவனிடமும் அதே புத்திதான் இருக்கிறது.

உடையார்குடிக்குப் போகிறவர்கள் அந்தச் சுவரில் கொலைகாரனைத் தேடுகிறார்கள். கொலைகாரனின் பெயருக்கு அடுத்து இருக்கும் உறவுகளையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். குற்றம் என்ன என்று யாரும் சொல்லாமலே வீடு இழந்தவர்கள் அவர்கள்தான்.